மணல் வழிக்குத் துணை

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது நம் முன்னோர் வாக்கு. கடற்கரை மணலிற் படரும் அக்கொடி தனித்து ஓடும்போது ஒரு சிறுவன் கைக்கும் ஆற்றாது அறுந்துபோகும்; பலவாய்ப் பின்னிப் படர்ந்தவிடத்துக் காற்றொடு பறக்கும் மணலையே கட்டி நிறுத்திவிடும். சங்கங்களின் ஆண்டு விழாக்களில் இப்பழமொழி அடிக்கடி எடுத்தாளப்படுவது. அதனை அது பிறந்த மணலிலேயே வைத்து, இக்காலத்துக்குரிய ஒரு பொருளுக்குப் பொருத்திக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொருள் நான்கு சில்லுகளாலும் உந்தப்படும் வண்டி. யார் செய்ததாயினும் நாம் பொதுவாக ஜீப்பு என்று வழங்குவது.

நம் கல்லூரிப் பழைய மாணவருள் காணி, மீன்பிடி, வனம், நீர்ப்பாசனம் ஆகிய துறைகளிற் கடமையாற்றுவோர் உளர். இளைப்பாறியபின் நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் உளர். பிறநாட்டிலிருந்து விடுமுறைக்கு மீள்வோரும் உளர். இவர்களிற் சிலர் இத்தகைய வண்டியொன்றை முதன்முதலாக வாங்க எண்ணுகின்றனர். வண்டியின் விலையைப் பத்து இடங்களில் விசாரிக்கும் இவர்கள், அவ்வண்டி வைத்திருப்போர் கூட்டத்தைப் பற்றி ஓரிடத்திலேனும் விசாரிப்பதில்லை. விலை விசாரணை ஒரு கிழமையில் முடிந்துவிடும். கூட்டத்தின் உறவோ வண்டி ஓடும் காலமெல்லாம் வேண்டப்படுவது. அது ஏன் வேண்டும், அதில் எவ்வாறு சேர்வது, சேர்ந்தபின் நம் கடமை யாது என்பவற்றைக் கண்டக்குழி மணலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வாம்.

கொழும்பு – புத்தளம் பெருந்தெருவைப் பாலாவிச் சந்தியில் விட்டு விலகி, நுரைச்சோலையையும் ஏத்தாலையையும் கடந்து வடக்கே செல்லும் தெரு, ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை நிற்கும் கற்பிட்டியை அடைகின்றது. அக்குடாநாட்டின் மேற்குக் கடலோரத்தில் உள்ள மீனவர் ஊரே கண்டக்குழி. ஒருபுறம் இந்துசமுத்திரம், மறுபுறம் புத்தளம் களப்பு, இடையிற் கிடப்பது முழுவதும் மணல். அம்மணலிலே கிணற்று நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் உழவர் முயற்சி நாடறிந்தது. ஓங்கில் மீன் பார்ப்பதற்கும், காற்றுப் பட்டத்தைப் பற்றிக்கொண்டு அலைமேற் சறுக்குவதற்கும் இக்காலத்திற் பலர் இங்கு வருகின்றனர். அவர்களோடு ஜீப்பு வண்டிகளும் வருகின்றன.

அங்கு வரும் புதியவர் முதலில் அறியவேண்டியது, மணல் என்னும் ஒரு சொல்லுள் மூன்று வேறு நிலங்கள் அடங்கியுள்ளன என்பதாம். மேட்டிலுள்ள உலர்மணல் சில்லின் கீழே நகர்ந்து விலகும் இயல்புடையது. அலையோரத்து ஈரமணல் சிமெந்துத் தரைபோல இறுகித் தோன்றும். ஆயினும் வண்டி சற்றே நின்றாற் சில்லைச் சுற்றி நீர் ஊறி, அது கீழிறங்கத் தொடங்கும். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. எனினும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அலை எழும்பிக் கரைமேல் ஏறும். புதைந்து நிற்கும் வண்டிக்கு அது பொறுத்திராது. மூன்றாவது, களப்போரத்து உவர்நிலம். வெயிலில் மேலே வெண்மையாக ஏடு கட்டிக் காய்ந்திருக்கும். அவ்வேட்டின் கீழே முழங்காலளவு சேறு கிடக்கும். காலால் நடந்து பாராது அதன்மேல் வண்டியை விடுதல் அறிவுடைமையன்று.

இந்நிலத்தின் குணத்தைப் பெரும் படைகளும் கண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் புத்தளத்திலிருந்த பிரித்தானியக் கடற்படை விமானத்தளத்திலே, சேற்றில் அகப்பட்ட போர்விமானங்களை இழுப்பதற்கு யானைகள் பயன்படுத்தப்பட்டன. ஆகாயத்திற் பறக்கும் பொறியைப் படைத்தவர்களும், நிலம் பிடித்துக்கொண்டபோது அந்நிலத்தை அறிந்த பாகனையும் யானையையும் நாடவேண்டியதாயிற்று. துணை தேடுதல் இழிவன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, ஜீப்பு வண்டியின் வரலாற்றைச் சுருங்க நோக்குவாம். 1940இல் ஐக்கிய அமெரிக்கப் படை, எந்நிலத்தினும் ஓடவல்ல சிறுவண்டியொன்றை விரைவிற் செய்துதருமாறு கம்பனிகளைக் கேட்டது. பான்ரம் என்னும் சிறு கம்பனி முதல் மாதிரியை அவ்வாண்டு செப்டெம்பரில் ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு கம்பனிகளும் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. போர் முடிந்தபின், இங்கிலாந்தில் ரோவர் கம்பனியைச் சேர்ந்த மோறிஸ் வில்க்ஸ் என்பார், தம் பண்ணையில் ஓடிய பழைய ஜீப்பைக் கண்டு அதுபோன்றதொன்றைத் தாமே ஆக்க எண்ணினர். அதன் முதல் உருவை வேல்ஸ் நாட்டுக் கடற்கரை மணலிலே கீறிக் காட்டினர் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வாறு பிறந்த லாண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்டது. இந்தியாவிலே மஹிந்திரா கம்பனி 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கிற்று. யப்பானில் ரொயோட்டா 1951இல் ஆக்கிய வண்டி, 1954இல் லாண்ட் குரூசர் என்னும் பெயர் பெற்றது. சுசூக்கியின் சிறிய ஜிம்னி 1970இல் வந்தது. இன்று நம் தெருக்களிற் காணும் வண்டிகளிற் பல இக்குடும்பங்களின் வழித்தோன்றல்களே.

வண்டி பெருகப் பெருக அதனை உடையோர் கூடுதலும் தொடங்கிற்று. 1953இல், கலிபோர்னியாவிலுள்ள ஜோர்ஜ்ரவுன் என்னும் சிற்றூரிலிருந்து 55 ஜீப்புகளில் 155 பேர் ஒருங்கு புறப்பட்டு, சியரா நெவாடா மலையின் கற்பாறை வழியைக் கடந்தனர். அதனை ஒழுங்குசெய்தவர் மார்க் சிமித் என்பார். அப்பயணம் ஆண்டுதோறும் தொடர்ந்து, வேறு பல கூட்டங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. அவ்வழியைத் தனியொரு வண்டியிற் கடத்தல் பேரிடர். ஒன்றை ஒன்று இழுத்துவிடும் ஐம்பது வண்டிகளுக்கு அது விழாவாயிற்று.

ஏன் இத்துணை வேண்டும்? ‘நான்கு சில்லும் உந்தும் வண்டி புதையாது’ என்பது புதியவர் பலரிடம் உள்ள எண்ணம். உண்மை வேறு. சாதாரணக் கார் புதையும் இடத்துக்கு அப்பாலும் சென்று புதைவதே இவ்வண்டியின் இயல்பு. ஆதலின் அது புதையும் இடம் உதவிக்குத் தொலைவாகவே இருக்கும். அன்றியும், அச்சின் நடுவேயுள்ள டிபரன்சியல் என்னும் பற்சக்கரத் தொகுதி, வளைவுகளில் இரு சில்லுகளும் வேறு வேறு வேகத்திற் சுழல இடங்கொடுப்பது. அதே காரணத்தால் ஒரு சில்லு பிடியிழந்தால் வலிமை முழுவதும் அச்சில்லிலே வீணாகச் சுழன்று கழியும். மற்றச் சில்லு அசையாது நிற்கும். இதனைத் தடுக்கும் பூட்டு சில வண்டிகளில் உண்டு; பலவற்றில் இல்லை. தாழ் கியரை எப்போது இடுவது, பூட்டை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பன வண்டிக்கு வண்டி வேறுபடுவன. அதே வண்டியைப் பத்தாண்டு ஓட்டிய ஒருவர் அருகிலிருந்து சொல்லித் தரும் அரைமணி நேரம், புதியவர் தனியே தடுமாறும் ஓராண்டுக்கு ஒப்பாகும்.

ரயரின் காற்றும் அத்தகையதே. தார்த் தெருவில் சதுர அங்குலத்துக்கு 30 றாத்தல் அளவில் இருக்கும் அமுக்கத்தை, மணலில் 15 முதல் 18 றாத்தல் வரை குறைப்பது வழக்கம். காற்றுக் குறைந்த ரயர் நீளவாக்கிற் படிந்து, ஒட்டகத்தின் அடிபோல மணலின்மேற் பரந்து மிதக்கும். மீண்டும் தார்த் தெருவுக்கு ஏறுமுன் காற்றை நிரப்பாவிடின் ரயர் சூடேறிக் கெடும். ஆயின் வண்டியின் பாரமும் ரயரின் அகலமும் நோக்கி இவ்வளவு சற்றே மாறும். விடியற்காலையிற் பனிநீரால் இறுகியிருந்த மணல் நண்பகலிற் பொலபொலத்துவிடும். இவ்வேறுபாட்டைக் கண்ணாலும் காலாலும் அறிந்தோரிடமே கற்றல் கூடும்.

துணை வேண்டுவதற்கு இவற்றினும் மேலானதொரு காரணம் உண்டு. அஃது உயிர் பற்றியது. புதைந்த வண்டியை வேறொரு வண்டியாற் கயிறு கட்டி இழுக்கும்போது அக்கயிற்றில் ஏறும் விசை மிகப் பெரிது. பின்னே சிறு வண்டில் பூட்டுவதற்காக உள்ள இரும்புக் குண்டிலே கயிற்றை மாட்டி இழுத்தால், அக்குண்டு முறிந்து துப்பாக்கிச் சன்னம்போலப் பாயக்கூடும். இவ்வாறு உயிர் நீத்தோர் பல நாடுகளில் உளர். அடிச்சட்டத்தோடு இணைந்த, அதற்கென அமைந்த கொளுக்கியிலேயே கயிறு மாட்டப்படல் வேண்டும். கயிற்றின் நடுவே பாரமான சாக்கோ தடித்த துணியோ போடப்படல் வேண்டும். சுற்றி நிற்போர் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் விலகி நிற்றல் வேண்டும். முதலில் மண்வெட்டியாற் சில்லின் முன்னுள்ள மணலை அகற்றிப் பலகையோ தென்னை மட்டையோ இட்டு முயல்க. இழுத்தல் அதற்குப் பின்னரே. நல்ல கூட்டமொன்று புதியவருக்கு முதற்கண் கற்பிப்பது வேகமன்று, இவ்வொழுங்கே.

நீரைக் கடப்பதும் அவ்வாறே. எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதை வண்டி செய்தோர் குறித்திருப்பர்: ஜிம்னிக்கு 300 மில்லிமீற்றர், பழைய டிபெண்டருக்கு 500, 2020இல் வந்த தாருக்கு 650. இவை தெளிந்து நிற்கும் நீருக்குரிய எண்கள். கலா ஓயா பெருகி எழுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தின் மேலாகப் பாயும்போது, முழங்காலளவு நீரும் வண்டியைப் பக்கமாகத் தள்ளவல்லது. இயந்திரம் நீரை உறிஞ்சுமாயின் அதன் உட்பாகங்கள் வளைந்து உடையும். ‘திரும்பிப் போவோம்’ என்று சொல்ல ஒருவர் உடனிருத்தல் இவ்விடத்திற் பெரும் பேறு.

இனி, சேரும் முறையைக் கூறுவாம். வண்டி வாங்கியபின் கூட்டத்தைத் தேடுவதினும், கூட்டத்தை அறிந்தபின் வண்டி வாங்குதலே சிறப்பு. முதலில் ஓரிரு பயணங்களில் வேறொருவர் வண்டியில் இருந்து செல்லுமாறு கேட்டுக்கொள்க. பெரும்பாலான கூட்டத்தார் இதனை மகிழ்ந்து ஏற்பர். அப்பயணத்திலே எவ்வண்டி நம் உடலுக்கும் குடும்பத்துக்கும் பணப்பைக்கும் ஏற்றது என்பது தானே விளங்கும். அவர்களில் யார் ஆற அமர விளக்குபவர், யார் ஆரவாரம் செய்பவர் என்பதும் விளங்கும். கேள்வி கேட்க நாணவேண்டா. கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவன் வகுப்பறை எதுவென்று கேட்பதில் இழிவுண்டோ?

வாங்கும் நாளில் அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டதாயினும், வரிச்சுமையால் நம்மிற் பலர் பழைய வண்டியையே நாடவேண்டியுள்ளது. பழைய லாண்ட் ரோவரின் மேலுடல் அலுமினியக் கலவையால் ஆனது. போருக்குப் பின் உருக்குக்கு ஏற்பட்ட தட்டுப்பாடே அதற்குக் காரணம். ஆகவே மேலே துருவின்றிப் பளபளக்கும். கீழேயுள்ள அடிச்சட்டமோ உருக்கு. உப்புக் காற்றிலே பல்லாண்டு நின்ற வண்டியின் அடிச்சட்டம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருக்கலாம். சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டு துருவை அறிவோர் இக்கூட்டங்களில் உளர். நான்கு சில்லு உந்தலும் தாழ் கியரும் மெய்யாகவே விழுகின்றனவா என்று ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துள்ளனவா என்பதும் நோக்கற்பாலது. இயந்திரம் மாற்றப்பட்டுப் பதியப்படாத வண்டி பின்னர்ப் பெருந்தொல்லை தரும். உதிரிப்பாகமும் கராச்சும் அணித்தே கிடைக்கும் வண்டியே நல்ல வண்டி. கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடாது, திருத்த வேலைக்கும் ரயருக்கும் ஒரு பங்கை ஒதுக்குக. வண்டியை உயர்த்துதல், பெரிய சில்லுப் போடுதல் முதலிய அலங்காரங்களை ஓராண்டு கழித்தே எண்ணிப் பார்க்கலாம்.

நல்ல கூட்டமொன்று கண்டக்குழி நோக்கிப் புறப்படும் விதத்தைக் காண்போம். பாலாவியில் விடியற்காலையிற் கூடுவர். எரிபொருள், குடிநீர், மண்வெட்டி, பலகை, கயிறு, காற்றடிக்கும் பம்பு, முதலுதவிப் பெட்டி ஆகியன ஒவ்வொரு வண்டியிலும் உளவா என்று பார்ப்பர். வழியறிந்தவர் முதலிலும், இழுக்கும் வல்லமையுள்ள வண்டி கடைசியிலும், புதியவர் நடுவிலும் நிற்பர். ஒவ்வொருவரும் தமக்குப் பின்வரும் வண்டியைக் கண்ணாடியில் நோக்கிக்கொண்டே செல்வர். அது மறைந்தால் நிற்பர். இவ்வொரு விதியால் எவரும் பின்தங்கிக் கைவிடப்படுவதில்லை. கையிற் கொண்டு பேசும் வானொலிக் கருவி வேண்டுமாயின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றே வைத்திருப்பர். மணல் தொடங்குமிடத்தில் நின்று காற்றைக் குறைப்பர். முன்சென்ற சுவட்டிலேயே பின்வருவோரும் செல்வர். திரும்பும்போது நன்னீரால் வண்டியின் அடிப்பாகத்தை உப்பறக் கழுவுவர்.

இதுகாறும் கூறியன வண்டிக்கும் அதில் ஏறுவோர்க்கும் உரிய காவல். இவற்றினும் மேலாக எண்ணவேண்டியது, அம்மணல் நம்முடையதன்று என்பதாம். கண்டக்குழிக் கரை மீனவரின் வயல். தென்மேற்குக் காற்று ஓய்ந்த காலத்தில் வேறு கரைகளிலிருந்து வரும் மீனவரும் இக்குடாநாட்டின் கரைகளில் வாடி அமைத்துத் தங்குவர். கரைவலையின் கயிறு நெடுந்தூரம் மணலிற் கிடக்கும். வலையும் கருவாடும் மணல்மேற் காயும். ஒரு சில்லு அவற்றின்மேல் ஏறினால் ஒரு குடும்பத்தின் ஒரு கிழமைப் பிழைப்பு அழியலாம். ஆதலின் ஊரவரைக் கண்டு, வழி கேட்டு, அவர் காட்டிய வழியே செல்லுதல் மரியாதையும் ஆகும், காவலும் ஆகும். வண்டி புதைந்தால் முதலில் ஓடிவந்து தோள் கொடுப்போரும் அவர்களே.

மேட்டிலே படர்ந்துள்ள அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் மிதித்து ஏறுதல் பெருங்கேடு. அவற்றின் வேரே மணல்மேட்டைக் கட்டி நிறுத்துவது. அம்மேடே கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையிலுள்ள அணை. ஒருமுறை சில்லு கிழித்த இடத்தைக் காற்று அகலமாக்கும். இலங்கைக் கரைகளிலே ஐந்தினக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. அவை சட்டத்தாற் காக்கப்பட்டவை. மணலிற் பதிந்த ஆழமான சில்லுச்சுவடு, கடலை நோக்கி ஊரும் ஆமைக்குஞ்சுக்கு ஏறமுடியாப் பள்ளமாகிவிடும். களப்புக்கு வடக்கேயுள்ள வில்பத்துத் தேசிய வனத்திலும் பாதையை விட்டு விலகுதலும், ஒதுக்கிய இடத்தன்றி இறங்குதலும் விலக்கப்பட்டவை. 1985இல் ஐக்கிய அமெரிக்க வனத்துறையினர் தொடக்கிய இயக்கமொன்று ‘மெல்ல மிதி’ என்னும் கருத்தையே தன் பெயராகக் கொண்டது. அச்சொல் நம் கரைக்கும் பொருந்தும்.

ஆகவே எக்கூட்டத்திற் சேர்வது என்று ஐயுறுவோர் நான்கு வினாக்களைக் கேட்க. புதியவரை இவர்கள் எவ்வாறு நடத்துகின்றனர்? மது அருந்தியவரை ஓட்ட விடுகின்றனரா? சென்ற இடத்திற் குப்பையை விட்டு வருகின்றனரா, எடுத்து வருகின்றனரா? ஊரவர் இவர்களை மறுமுறை கண்டால் முகமலர்வரா, முகஞ்சுளிப்பரா? இவற்றுக்கு நல்ல விடை தராத கூட்டம் எத்துணை விலையுயர்ந்த வண்டிகளை உடையதாயினும் நமக்கு உரியதன்று. விடை நல்லதாயின், இரண்டே வண்டிகள் உடையதாயினும் அது போதும்.

இவ்வண்டி வெறும் பொழுதுபோக்குக்கு உரியதன்று என்பதையும் காட்டவேண்டும். 2018 ஆகஸ்ட்டிற் கேரள நாட்டை வெள்ளம் மூடியபோது, மீனவர் தம் வள்ளங்களோடு உயிர்காக்க வந்ததை உலகம் அறியும். அப்போது மலைவழி ஜீப்பு ஓட்டிப் பழகிய குழுவினரும் தம் வண்டிகளோடு மீட்புப் பணியிற் சேர்ந்தனர். விளையாட்டாகக் கற்ற ஒழுங்கும் கயிற்றுத் தொழிலும் அன்று உயிர் காக்கும் கலையாயின. மழைக்காலந்தோறும் ஆறும் களப்பும் பெருகும் புத்தளப் பகுதியிலும் அவ்வொழுங்குக்கு வேலை உண்டு. எவ்வண்டி எங்கே நிற்கிறது, அதனை ஓட்டுபவர் யார் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தால், வெள்ளம் வந்த இரவிலே தேடவேண்டியதில்லை.

மாணவர்காள்! உங்களிற் பலர் நாளை இத்தகைய வண்டியை ஓட்டுவீர்கள். பௌதிக வகுப்பிற் கற்கும் உராய்வும் அமுக்கமும் முறுக்கமும் அம்மணலில் உயிர்பெற்று நிற்பதைக் காண்பீர்கள். பழைய மாணவரே! இவ்வாண்டு வண்டி வாங்க எண்ணுவோர், பணத்தை எண்ணுமுன் ஒரு துணையைத் தேடிக்கொள்க. முன்னரே வாங்கியோர், புதிதாய் வருபவருக்கு வண்டியில் ஓர் இடமும் மனத்திற் சிறிது பொறுமையும் வைத்திருக்க. பழைய மாணவர் சங்கம் நம்மை இணைப்பதும் இம்முறையினாலன்றோ? முன்னே சென்றோர் பின்வருவோரை நோக்கிக்கொண்டே செல்க. கண்டக்குழிக் கரையில் அடம்பன் கொடி அறாது படர்க!